கால் நரம்பு சுருட்டல்

(செகந்தராபாத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ரத்தக்குழாய் அறுவை நிபுணர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தியப் பேச்சை வைத்துவிட்டார்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

என் தாயார் பத்மாராவ் நகர் வீட்டில் நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவர். இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். பழைய வேஷ்டியைக் கிழித்துக் கட்டி, புடவையால் மறைத்துக்கொள்வார். மெடிக்கல் காலேஜில் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. "நரம்பை எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, கடைசிவரை ஆபரேஷனுக்கு ஒப்பவேயில்லை.

அந்த பயத்துக்குப் பாதிக் காரணம் ஒரு வார்த்தை. நாம் நரம்பு என்கிறோம், அது சிரை. ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ரத்தம் கீழே இறங்காமல் தடுக்க உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை தளர்ந்தால் ரத்தம் காலில் தேங்கும். முதலில் சாயங்காலம் கால் கனக்கும், வீங்கும், பிறகு அரிப்பு, கணுக்கால் தோல் கறுத்துத் தடிக்கும், கடைசியில் ஆறாத புண். தோல் கறுக்கும்போதே வந்துவிடுங்கள்.

முன்பெல்லாம் தொடையிடுக்கில் கீறி, சிரையை உருவி எடுப்போம். இப்போது முழங்கால் பக்கம் ஓர் ஊசித் துவாரம்தான். மெல்லிய குழாயை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே மேலே ஏற்றுகிறோம். சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து. லேசர் அல்லது ரேடியோ அலையின் சூட்டில் சிரை உள்ளேயே மூடிக்கொள்ளும். பெரும்பாலோர் அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். பிறகு ரத்தம் எப்படிப் போகும் என்கிறீர்களா? பெரும்பகுதியைச் சுமப்பது எப்போதுமே ஆழத்தில் உள்ள சிரைகள்தாம்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் இந்தச் சூட்டு முறையையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. 2018-இல் வெளியான எவ்ரா ஆய்வில், சிரைப் புண்ணுக்கு அழுத்தக் கட்டு போட்டு, சிரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 82 நாள் ஆயிற்று. கட்டோடு சீக்கிரமே சிரையையும் மூடியவர்களுக்கு 56 நாள். என் தாயார் கட்டியதோ வேஷ்டித் துணி. அதில் அழுத்தமே கிடையாது.

வெறும் நீலக்கோட்டுக்கெல்லாம் லேசர் வேண்டாம். முதலில் டாப்ளர் பரிசோதனை. சிரை வால்வுகளை நிற்க வைத்துப் பார்ப்பது நல்லது. ஆழ்சிரையில் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர்கள் தாமாகவே இறுக்கமான காலுறை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். தமனி ஓட்டம் குறைந்த காலுக்கு அது கெடுதல். இங்கே பஞ்சாகுட்டா நிம்ஸில் ரத்தக்குழாய் அறுவைக்குத் தனித்துறை உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் அத்தகைய துறை உள்ள ஆஸ்பத்திரியாகப் பாருங்கள்.

"நாளைக்கு பைபாஸுக்கு அந்தச் சிரை வேண்டாமா?" என்று ஒரு மாமா வாசலிலேயே கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் முறுக்கிப் புடைத்த சிரை பைபாஸுக்கு அநேகமாக உதவாது. மார்பு, கைத் தமனிகள் இருக்கின்றன. இன்னொரு காலும் இருக்கிறது.

முடிச்சு உடைந்து ரத்தம் பீறிட்டால் நின்றுகொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.