தீபாவளி லீவில் ஒரு கதைப் புத்தகம்

(பசறைப் பகுதித் தோட்டமொன்றில், தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறோம். தீபாவளி அட்வான்ஸ் பற்றியோ, கூரைத் தகரம் பற்றியோ பேசத்தான் கூப்பிட்டார்கள் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அது வேறு நாள். இன்று பேச வந்தது கதைப் புத்தகம் பற்றி.

"கதைப் புத்தகத்துக்கு ஒரு கூட்டமா?" என்று பின்னால் ஒரு அண்ணன் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதிலைக் கேளுங்கள்.

நம் நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாக நடக்கிறது. பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் போட்டி வைப்பார்கள், பரிசு கொடுப்பார்கள். அது லயத்து வாசல் வரைக்கும் வருவது குறைவு. அதனால் இந்தத் தீபாவளி லீவு நாட்களில், 12 வயதில் இருந்து 18 வயது வரையுள்ள நம் பிள்ளைகள் ஆளுக்கொரு கதைப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிப்பது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். இது புது விஷயம் அல்ல. நாம் பறிக்கிற கொழுந்தைத் தேத்தண்ணியாகக் குடிக்கிற இங்கிலாந்தில், 1999ஆம் ஆண்டு முதல் கோடை விடுமுறையில் பொது நூலகங்கள் வாசிப்புச் சவால் ஒன்றை நடத்துகின்றன. அங்கே ஒரு பிள்ளைக்கு ஆறு புத்தகம் என்பது வழக்கம். அவர்களுக்கு நீண்ட விடுமுறை. நமக்கு இரண்டு மூன்று நாள். ஆகவே நாம் ஒன்றோடு தொடங்குகிறோம்.

ஏன் 12 முதல் 18 வயது? சின்னப் பிள்ளைகளுக்கு ஓரளவு கவனிப்பு இருக்கிறது. படம் போட்ட புத்தகம் கிடைக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வரும் என்று நாமும் பிடித்து உட்கார வைக்கிறோம். அந்தப் பரீட்சை முடிந்ததும் என்ன நடக்கிறது? நரிக் கதையும் காக்காக் கதையும் பிள்ளைக்குச் சலித்துப் போகிறது. பெரியவர்களின் நாவல் பாரமாக இருக்கிறது. நடுவில் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. பாடப் புத்தகம் மட்டும் மிஞ்சுகிறது. அதையும் பயத்தோடுதான் திறக்கிறது. பிறகு எட்டாம் ஆண்டு, ஒன்பதாம் ஆண்டு என்று போகப் போக எழுத்தைக் கண்டாலே ஒதுங்குகிறது. அந்த வயதில்தான் "கொழும்பில் கடை வேலைக்கு ஆள் கேட்கிறார்கள்" என்ற பேச்சும் வீட்டுக்குள் வருகிறது. பிள்ளை கைநழுவிப் போகிற வயது அதுதான்.

எழுத்தோடு பழக்கம் விட்டுப் போனால் நட்டம் என்னவென்று நலன்புரி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் தெரியும். சேமலாப நிதிப் படிவத்தைக் கொண்டு வருகிறீர்கள். அடகுக் கடிதத்தைக் கொண்டு வருகிறீர்கள். வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தைக் கொண்டு வருகிறீர்கள். கூடவே பத்தாம் ஆண்டு படித்த மகளும் வந்து நிற்பாள். "நீ வாசித்துச் சொல்லம்மா" என்றால், எழுத்துக் கூட்டி நான்கு வரி வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்துவிடுவாள். எழுத்து தெரியாமல் இல்லை. நீளமாக வாசித்துப் பழக்கம் இல்லை. முழுதாக வாசிக்காத தாளில்தான் கையெழுத்து விழுகிறது. இருநூறு பக்கக் கதையை விடாமல் வாசித்த பிள்ளைக்கு, நான்கு பக்க ஒப்பந்தம் பயம் காட்டாது. கதைக்குக் கூட்டம் போட்டதற்குக் காரணம் இதுதான், அண்ணே.

என்ன புத்தகம் வாசிப்பது? நம் ஊர்க்காரர் ஒருவரில் இருந்தே தொடங்கலாம். தெளிவத்தை ஜோசப் அவர்கள் 1934இல் ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' என்ற அவருடைய நாவல் 1974இல் வந்தது. 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய விருது கிடைத்தது. 2022இல் காலமானார். லயமும் காம்பராவும் இஸ்தோப்பும் பிரட்டுக்களமும் புத்தகத்தில் வரும் என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்? என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை எழுதிய நாவல்கள் இருக்கின்றன. அவர் 1947இல் தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர், தோட்டத்து நாட்டுப் பாடல்களைச் சேர்த்து வைத்தவர். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இவற்றை எடுக்கலாம்.

இளைய பிள்ளைகளுக்கு வேறு உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய 'மடோல் தூவ' தமிழிலும் வந்திருக்கிறது. உபாலி, ஜின்னா என்று இரண்டு குழப்படிக்காரப் பையன்கள் வீட்டை விட்டுப் போய், ஒரு சின்னத் தீவில் காடு வெட்டிப் பயிர் செய்கிற கதை. பையன்களுக்கு நன்றாகப் பிடிக்கும். ஜப்பானில் 1981இல் வெளிவந்த 'டோட்டோ சான்' தமிழில் கிடைக்கிறது. முதல் பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஒரு சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருக்கும் இன்னொரு பள்ளிக்கூடத்தில் சேர்கிறாள். அது எழுதியவரின் சொந்த வாழ்க்கை. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று பேர் வாங்கிய பிள்ளை வீட்டில் இருந்தால் அதை முதலில் கொடுங்கள்.

புத்தகம் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். பள்ளிக்கூட நூலகத்தில் கேட்டு வாங்கலாம். பொது நூலகத்தில் பிள்ளைகளை அங்கத்தவராகச் சேர்க்கலாம். எங்கள் அலுவலகத்திலும் ஒரு பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறோம். கொண்டு போகிறவர்கள் அட்டை போட்டு, மழைக்கு நனையாமல், அடுப்புப் புகைக்கு எட்டாமல் வைத்தால் போதும்.

இனிப் பெற்றோரிடம் கேட்பது. பிள்ளைக்கு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் விடுங்கள். லீவு என்றால் தண்ணிக்குப் போ, விறகுக்குப் போ, தம்பியைப் பார் என்று பொம்பளைப் பிள்ளையின் தலையில்தான் எல்லாம் விழுகிறது. பலகாரம் சுட வேண்டும், வீடு மெழுக வேண்டும், தெரியும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு அண்ணன்காரன் தண்ணிக் குடத்தைத் தூக்கட்டும். டீவியையும் போனையும் அந்த நேரம் நிறுத்தி வையுங்கள். காம்பராவில் இடமில்லை, சத்தம் என்பவர்களுக்காகப் பிள்ளைக்காம்பராவைக் காலை ஒன்பது மணியில் இருந்து திறந்து வைக்கிறோம். லீவு நாளில் அது சும்மாதான் கிடக்கும்.

"எங்களுக்கு எழுத்தே தெரியாதே, நாங்கள் என்ன செய்ய?" என்று அம்மாயிமார் கேட்கலாம். நீங்கள் செய்வதுதான் பெரிய வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேரப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்றைக்கு என்ன வாசித்தாய், சொல்லு" என்று கேளுங்கள். "அப்புறம்?" என்று இன்னொரு தரம் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை அடுத்த பக்கத்தையும் வாசிக்கும். காமன் கூத்தை விடிய விடியப் பார்த்து, பொன்னர் சங்கர் கதையை மனப்பாடமாக வைத்திருக்கிற சனம் நாம். கதை கேட்பதற்கு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தம்பி தங்கைமார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இதில் முதலாம் இடம், இரண்டாம் இடம் கிடையாது. தடித்த புத்தகத்தை எடுத்துப் பெருமை காட்டவும் வேண்டாம். பிடிக்காத கதை என்றால் இருபது பக்கத்தோடு வைத்துவிட்டு வேறு எடுங்கள். லீவு முடிந்து வரும் சனிக்கிழமை இதே இடத்தில் கூடுவோம். வாசித்த கதையைத் தாளைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் உங்கள் வாயால், வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள். சொல்லுகிற எல்லோருக்கும் ஒரு கொப்பியும் பேனையும் உண்டு.

பாதிதான் வாசிக்க முடிந்தது என்றாலும் வாருங்கள். மலையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள். இங்கே பாதி வாசித்தவருக்கும் முழுப் பேர்தான். மீதிப் பாதியை அடுத்த லீவுக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவே.

பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு முன் அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளை தனியாக வரக் கூச்சப்பட்டால் அம்மாவோ அப்பாவோ கூட்டி வாருங்கள். எல்லோருக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்துகள்.