வயலினையும் தேடிய தலைவர்

நான் மலாக்கா, செர்காமிலிருந்து வருகிறேன்.

"போர்க்களத்தில் பாட்டும் கூத்தும் எதற்கு?" என்று எதிரணி நண்பர் கேட்டார். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சாங்கியில் கைதிகளாகிப்போன ஆஸ்திரேலிய வீரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஐயா? நாடகக் குழு அமைத்தார்கள்! அரைவயிற்றுச் சோறு. பக்கத்துப் படுக்கைக்காரன் காய்ச்சலில் போய்க்கொண்டிருக்கிறான். ஆனாலும் கிடைத்த துணியில் பாவாடை தைத்து, பெண் வேடம் கட்டி, கூட இருந்தவர்களைச் சிரிக்க வைத்தார்கள். காவல் நின்ற ஜப்பானியரும் உட்கார்ந்து பார்த்தார்களாம்!

நம் பக்கம் வாருங்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் கேப்டன் ராம்சிங் என்றொரு கூர்க்கா வீரர். 'கதம் கதம்' அணிவகுப்புப் பாட்டுக்கு மெட்டமைத்தவர்; 2002-இல்தான் மறைந்தார். அவர் கையில் வயலினைக் கொடுத்தவரே நேதாஜி! துப்பாக்கி பிடிக்க ஆள் தேடிய தலைவர், வயலின் பிடிக்கவும் ஆள் தேடினார். அதைக் கவனியுங்கள்! பால்மரம் வெட்டிய நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தி ஏது? அர்த்தம் பிறகு வந்திருக்கும். கால்தான் முதலில் புரிந்துகொண்டது.

சாங்கி நாடகங்களின் நிகழ்ச்சித் தாள்கள்கூட ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்களே, நம் தமிழர்கள், அவர்கள் இரவில் கொட்டகையில் என்ன பாடினார்கள்? அதன் மெட்டு யாரிடம் இருக்கிறது?

வீட்டில் தொண்ணூறு தாண்டிய பெரியவர் இருந்தால், வரும் தீபாவளிக்கு முறுக்கை மட்டும் படம் பிடிக்காதீர்கள். அந்தக் கைப்பேசியைத் தாத்தா வாயருகே கொஞ்சம் நீட்டுங்கள், ஐயா!