ஈரம் வேறு, காய்ந்தது வேறு



பாட்டு, கூத்து, கோலம் என்று எத்தனையோ கலைகளைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது, சமையலறையில் கழுவுதொட்டி ஓரத்தில் நடக்கும் ஒரு கைவேலை. ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் ஒன்றோடொன்று படவிடாமல் வைப்பது. குப்பைப் பையின் வாயைத் திறப்பதற்கு முந்தின அரை நிமிடத்தில் அது முடிந்துவிடுகிறது. சுற்றுச்சூழலைப் பற்றிய பெரிய பேச்சுகளில் பாதி, கடைசியில் அந்த அரை நிமிடத்தில் வந்துதான் நிற்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பண்டமாரான், கிள்ளான் பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். மலாயா அவசரகாலத்தில் உருவான பெரிய சீனப் புதுக்கிராமம் ஒரு பக்கம். தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல குடியிருக்கும் தாமான்கள் இன்னொரு பக்கம். கொள்கலன் ஏற்றிய லோரிகள் இரவும் பகலும் இந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கொள்கலன்களில் என்னவெல்லாம் வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும்.

2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அதுவரை அங்கே போய்க்கொண்டிருந்த சரக்கு வேறு கரை தேடியது, மலேசியா அகப்பட்டது. அதிகம் அனுப்பிய பத்து நாடுகளிலிருந்து மட்டும், 2016ஆம் ஆண்டு முழுவதும் நம் நாட்டுக்கு வந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 168,000 டன். 2018இல் முதல் ஏழு மாதங்களிலேயே அது 450,000 டன்னைத் தாண்டிவிட்டது. நமக்குப் பக்கத்தில், கோல லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமில், உரிமம் இல்லாத தொழிற்சாலைகள் முளைத்தன. உருக்கி விற்கக்கூடியதை உருக்கினார்கள். உதவாததை ராத்திரியில் கொளுத்தினார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிய ஊர்மக்கள்தான் புகார் எழுதி, படம் எடுத்து, ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. அவர்கள் புகாருக்குப் பிறகுதான் அந்த ஆலைகள் மூடப்பட்டன.

2019 மே 28ஆம் தேதி, அப்போது சுற்றுச்சூழல் துறையைக் கவனித்த அமைச்சர் யோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறக்கச் செய்து செய்தியாளர்களுக்குக் காட்டினார். பிரிட்டனிலிருந்து மின்கம்பிகள், பங்ளாதேஷிலிருந்து குறுந்தட்டுகள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது பால் அட்டைப்பெட்டிகள், அதுவும் கெட்டு அழுக்கேறிப்போனவை. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள், மொத்தம் 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. பிரான்சுக்கு மட்டும் 43, பிரிட்டனுக்கு 42.

அந்தப் பால் பெட்டியை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாலைக் குடித்துவிட்டு அதை மறுசுழற்சித் தொட்டியில் போட்டவர் கெட்டவர் இல்லை. நல்லதைச் செய்வதாக நினைத்துத்தான் போட்டிருப்பார். அடியில் ஒரு வாய்ப் பால் மிச்சம் இருந்திருக்கும். அது புளித்து, ஒழுகி, பக்கத்தில் இருந்த காகிதத்தை ஊறவைத்து, மூட்டை முழுவதையும் நாறடித்து, வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிக்குள் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. ஒரு குவளைத் தண்ணீர் அங்கே செலவாகியிருந்தால் அது அட்டை. செலவாகாததால் இங்கே அது குப்பை. பொய்க் கணக்கு எழுதிச் சரக்கை ஏற்றிய வணிகர்களின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கைக்குப் போவதற்கு முன்பே அந்தச் சரக்கு பாழாகியிருந்தது.

உலகச் சட்டமும் அந்த இடத்தில்தான் கோடு போட்டது. அபாயக் கழிவுகளைப் பற்றிய பாசல் ஒப்பந்தத்தை 2019 மே மாதம் திருத்தினார்கள். 2021 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. சுத்தமாக, ஒரே வகையாகப் பிரித்த பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் போவதற்குத் தடை குறைவு. கலந்ததும் அழுக்கானதும் என்றால், வாங்கும் நாடு முன்கூட்டியே சம்மதம் தந்தாக வேண்டும். சுத்தம், கலப்பு, இந்த இரண்டுதான் அளவுகோல்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2012இல் திடக்கழிவுத் துறை நாடு முழுக்க ஆய்வு செய்தபோது, வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு என்று தெரிந்தது. பிளாஸ்டிக் 13 விழுக்காடு, குழந்தை அணையாடை 12 விழுக்காடு, காகிதம் எட்டரை. ஏறக்குறைய பாதிப் பை சோறும் குழம்பும் காய்கறித் தோலும். அந்தப் பாதிதான் மற்றப் பாதியைக் கெடுக்கிறது. கிள்ளான் குப்பை போய்ச் சேர்கிற ஜெராம் குப்பை நிலத்தில் அது மண்ணுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட அது சுமார் 28 மடங்கு வலியது. கீழே இறங்கும் கரிய கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தனிச் செலவு. அதே தோலும் சக்கையும் வீட்டு வாசலில் காற்றோட்டமாக மக்கினால் மண்ணாகிறது. வேறுபாடு காற்றில் இருக்கிறது.

இந்தக் கைவேலையை நன்றாகச் செய்பவர்கள் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள். பக்கத்து வரிசை வீட்டு அக்கா ஒருவரைச் சொல்கிறேன். பழைய பெயிண்ட் வாளி ஒன்றின் பக்கவாட்டில் ஆணியைச் சுடவைத்துத் துளை போட்டிருக்கிறார். பக்கத்தில் ஓர் அரிசிச் சாக்கு. காலையில் வாசல் கூட்டும்போது விழுகிற மாமர இலை அத்தனையும் அதற்குள். தேங்காய்ச் சக்கை, தேயிலைத் தூள், வெங்காயத் தோல், முருங்கைக் காம்பு எது விழுந்தாலும் அதன் மேல் இரண்டு கை சருகு. மீன் குடல் என்றால் நடுவில் குழி பறித்துப் புதைத்து, அதற்கு மட்டும் மூன்று நான்கு கை. ஒருநாள் எனக்காக வாளியிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து காட்டினார். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தது. "இதுதான் பதம்" என்றார். ஒழுகினால் சருகு போதவில்லை. உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். முட்டை அழுகின வாடை வந்தால் காற்றுப் போகவில்லை, கிளறிவிட வேண்டும். மூக்கை அரிக்கிற நெடி வந்தால் பச்சை அதிகம், சருகு சேர்க்க வேண்டும். நம் ஊர் மழைக்கு மூடி கட்டாயம். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு எருவாகிவிடுகிறது. அவர் வீட்டுக் கறிவேப்பிலை மரம் கூரையைத் தொடுகிறது. வாசனையிலும் பிடியிலும் பதம் பார்க்கிற அந்தக் கை, புட்டு மாவு பிசிறிப் பழகின கை. இதை நான் கலை என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குத் தகாகுரா முறை இருக்கிறது. ஜப்பானியரான கோஜி தகாகுரா இந்தோனேசியாவின் சுராபாயா நகரத்துக் குடும்பங்களுக்காக உருவாக்கியது. துணிக்கூடை, உள்ளே அட்டை, உமியும் தவிடும் புளிக்கவைக்கும் நுண்ணுயிரும் கலந்த படுகை. நம் வெப்பத்துக்கும் சமையலுக்கும் நன்றாகவே ஒத்துப்போகிறது. பழத்தோலைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு மூன்று மாதம் வைக்கும் என்சைம் முறையும் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது: மூன்று பங்கு தோல், ஒரு பங்கு பழுப்புச் சர்க்கரை, பத்துப் பங்கு தண்ணீர். தரை துடைக்க உதவும், ஏனென்றால் அது புளிக்காடி மாதிரியான ஒன்று. ஓசோன் உண்டாகிறது, ஆற்றைச் சுத்தம் செய்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கிலோ சர்க்கரை செலவழித்து மூன்று கிலோ தோலைத் தீர்ப்பதைவிட எருவாளி மேல்.

காய்ந்த பக்கத்துக்கு வருவோம். இங்கே ரகசியம், கழுவுவதற்குப் புதுத் தண்ணீர் பிடிக்காமல் இருப்பது. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசின கடைசித் தண்ணீர், இது போதும். சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைவிட, ஒழுகாமலும் நாறாமலும் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. என் அம்மா சூசு டின் தீர்ந்ததும் கொதிக்கிற தேயிலைத் தண்ணீரை அதிலேயே ஊற்றிச் சுழற்றி, அந்தக் கடைசிக் குவளைத் தேத்தண்ணீரைத் தானே குடிப்பார். டின்னும் சுத்தம், எறும்பும் இல்லை. பிறகு ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். மறுசுழற்சி என்ற சொல் அவருக்குத் தெரியாது.

இந்த வேலைக்குத் தேர்வாளர் ஒருவர் உண்டு. ஒலிபெருக்கி கட்டிய வேனில் "சூராட் காபார் லாமா, பெசி பூரோக்" என்று பழைய பேப்பரும் இரும்பும் கேட்டுக் கூவிக்கொண்டு வருகிறாரே, அவர்தான். அட்டைப்பெட்டியைத் தூக்கி அடியைத் தடவிப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் ஒதுக்கிவிடுவார். காய்ந்த அட்டை, பழைய பேப்பர், அலுமினிய டின், இரும்பு, தீர்ந்த கார் பேட்டரி, எல்லாவற்றுக்கும் தராசு பிடிப்பார். எந்த அரசாங்க அறிக்கையைவிடவும் அவர் தராசு நேர்மையாகச் சொல்லும், நீங்கள் பிரித்தது பிரித்ததுதானா என்று.

முன்பு நம் தோட்டத்து லயங்களில் யாரும் குப்பை பிரிக்கச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் எல்லாம் தனித்தனியாகத்தான் கிடந்தது. கழுநீரும் மிச்சச் சோறும் மாட்டுக்கு. சிரட்டை அடுப்புக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க. ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு வாய் இருந்தது. தாமானுக்குக் குடிவந்தபோது மாடு வரவில்லை. அடுப்பு கேஸ் ஆனது. வாங்கிக்கொள்ள யாரும் இல்லாமல் போனதும் எல்லாம் ஒரே பைக்குள் விழுந்தது. நம் மக்கள் திடீரென்று பொறுப்பற்றவர்களாகிவிட்டார்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. எருவாளியும் பேப்பர் வேனும் செய்வது, போன அந்த வாய்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

"லோரியில் எல்லாம் ஒன்றாகத்தானே அள்ளிப் போடுகிறார்கள், நான் மட்டும் பிரித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 2007ஆம் ஆண்டின் 672ஆம் சட்டத்தை ஏற்ற மாநிலங்களிலும் கோலாலம்பூரிலும், 2015 செப்டம்பர் 1 முதல் தரைவீடுகளில் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். எங்கள் மாநிலமான சிலாங்கூர் அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தங்கை பிரித்தாக வேண்டும். பண்டமாரானில் இருக்கும் அக்காவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாநில அரசு இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன். அதற்காகக் காத்திருக்கத் தேவையும் இல்லை. ஈரம் வாளிக்குப் போய், காய்ந்தது வேனுக்குப் போன பிறகு லோரிக்கு மிஞ்சுவது கொஞ்சம். அது ஒன்றாகப் போனால் போகட்டும்.

மிஞ்சுவது என்ன என்றும் சொல்லிவிட வேண்டும். அணையாடை. முறுக்கு, மிக்சர், மசாலைத் தூள் வரும் பளபளப்பான பாக்கெட். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அந்த அடுக்கை லாபமாகப் பிரிப்பது கடினம். "ஈக்காட் தெப்பி" என்று ஓரத்தில் கட்டித் தரும் தே ஐஸ் பை. இவற்றை எவ்வளவு அலசினாலும் வேன்காரர் வாங்கமாட்டார். அந்த இடத்தில் வீட்டுக்காரியின் திறமை தீர்ந்துபோகிறது. பொட்டலம் செய்யும் ஆலையின் பொறுப்பு தொடங்குகிறது. தப்பாவ் வாங்கப் போகும்போது தூக்கை எடுத்துப் போவது மட்டுமே நம் கையில் மிச்சம். கடைக்காரர்கள் மறுப்பதில்லை. பொட்டலத் தாளின் செலவு அவர்களுக்கும் மிச்சம்தானே.

நான் இன்னும் கவலைப்படுகிற இடம் நம் கோயில்களும் கல்யாண மண்டபங்களும். ஓர் அன்னதானத்தில் விழும் வாழையிலையும் சோறும், பல வீடுகளின் பல நாள் குப்பைக்குச் சமம். இலை, சோறு, காய் எல்லாமே மக்கக்கூடியவை; எருவுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. அதற்குள் பத்துத் தண்ணீர் போத்தலும் இருபது பாயசக் குவளையும் விழுந்தால் போதும், குவியல் முழுவதும் ஜெராமுக்குத்தான். இலை எடுக்கும் இடத்தில் இரண்டு தொட்டிகளை வைத்து, பக்கத்தில் இரண்டு இளைஞர்களை நிற்கவைத்தால் போத்தலும் குவளையும் உள்ளே விழாது. பரிமாற ஆள் போடுகிற கோயில் நிர்வாகம் இதற்கும் ஆள் போடலாம். திருவிழாவுக்கு முன்னால் கூடும் கூட்டத்தில், பந்தலுக்கும் மேளத்துக்கும் பெயர் எழுதும்போது அந்த இரண்டு பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.