பதிவேட்டின் ஓரத்தில் ஒரு வரி

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற வெளிநாடு வாழ் பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பிரசங்கம் காலைப் பூசையிலேயே ஆயிற்று. அறைவீட்டு அலமாரியில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பற்றிப் பேசவே இந்தக் கால்மணி நேரத்தை விழாக் குழுவினரிடம் கேட்டு வாங்கினேன். பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவனையும் அவன் பிறந்த ஊரையும் இணைக்கும் நூல், மூன்று தலைமுறை கழிந்தபின், பெரும்பாலும் அந்த ஏட்டில்தான் மிஞ்சுகிறது.

வெளிநாட்டுப் பயணம் நமக்குப் புதியதல்ல. திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ இரவு வண்டி கட்டினால் காலையில் புதுச்சேரி. 1848இல் பிரஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததும், அங்கே கரும்பு வெட்ட ஆள் தேடினார்கள். 'ஓரெலி' என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவிலும், மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குவாதலூப்பிலும் நம்மவரை இறக்கியது. ரீயூனியனுக்குப் போனவர்களோ மிகப் பலர். 1861ஆம் ஆண்டின் ஆங்கிலேய–பிரஞ்சு ஒப்பந்தத்தால், ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலும் பிரஞ்சுத் தீவுகளுக்கு ஆள் சேர்க்க வழி திறந்தது. இன்னொரு பக்கம், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் கத்தோலிக்கரும் இருந்தனர். அங்கிருந்த சபோன் அடிகள் என்ற பிரஞ்சுக் குருவானவர் அவர்களுக்காகவே தமிழ் கற்றார். பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்கள். 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இங்குள்ள பெரியவர்கள் சிலருக்கு இன்னும் கண் கலங்கும்.

இப்போது அவர்களுடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகள் வருகிறார்கள். கையில் ஒரு காகிதம். அதில் ஒரு பெயர். அந்தப் பெயரில்தான் பெரும் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தானே! சவரிமுத்து என்று சொல்லிக் கப்பலேறியவரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அதுவே சந்ததிக்கெல்லாம் குடும்பப் பெயராயிற்று. 'சவரிமுத்து குடும்பம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் நம் ஊரில் யாரைக் காட்டுவது? பழைய ஏடுகளோ இலத்தீனில் உள்ளன. இராயப்பனைப் பேத்ருஸ் என்றும், சின்னப்பனைப் பௌலுஸ் என்றும், அருளப்பனை யோவான்னெஸ் என்றும், ஞானப்பிரகாசத்தை அலோய்சியுஸ் என்றும் எழுதிவைத்தார்கள் மிஷன் குருக்கள். செமினாரியில் இலத்தீன் இலக்கணத்தோடு நான் பட்ட பாடு இதற்காவது உதவுகிறது.

ஊர்ப் பெயரிலும் குழப்பம் உண்டு. டர்பனிலிருந்து ஒரு தாயும் இரண்டு மகன்களும் வந்தார்கள். நாட்டால் கப்பல் பட்டியலின் நகல் வைத்திருந்தார்கள். போனவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா எல்லாம் அதில் இருந்தன. ஜில்லாவுக்கு நேரே ஆற்காடு என்றிருந்ததைப் பார்த்து, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆற்காடு நகரில் இரண்டு நாள் அலைந்துவிட்டு வந்திருந்தார்கள். திண்டிவனமும் விழுப்புரமும் 1993 வரை தென்னார்க்காட்டைச் சேர்ந்தவை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம் பழைய ஏட்டில் அதே பெயர் ஒன்று கிடைத்தது. தகப்பன் பெயர் ஒத்து வரவில்லை. அதற்குள் செய்தி பரவி, 'நான்தான் பங்காளி' என்று இருவர் மாலையோடு வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் நம்பத் தயாராக இருந்தார். அத்தனை தூரம் வந்தவருக்கு ஒரு உறவைக் கொடுத்து அனுப்பினால் என்ன என்று உபதேசியார் கூட என் காதில் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 'அம்மா, இது உங்கள் பாட்டனார் இல்லை' என்று ஏட்டைத் திறந்து காட்டினேன். அழுதார். பிறகு கல்லறைத் தோட்டத்தில் சற்று நேரம் நின்று செபித்துவிட்டுப் போனார்.

அந்தப் பாட்டனார் நம் ஊராராகவே இருந்திருந்தாலும், அவர் போன திசையை ஏடு சொல்லியிராது. 1908 உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகுதான் அந்த நிலை மாறியது. பத்தாம் பத்திநாதர் பாப்பரசரின் 'நே தெமெரே' ஆணைப்படி, ஒருவருக்கு எங்கே திருமணம் நடந்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குச் செய்தி அனுப்பி, ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் 535, 1122 ஆகிய விதிகளில் இதையே சொல்லுகிறது. ஆகையால், இங்கே தண்ணீர் ஊற்றப்பட்ட குழந்தை இருபது ஆண்டு கழித்துப் பினாங்கில் மாலை மாற்றினால், நம் ஏட்டின் ஓரத்தில் பினாங்கு என்று ஒரு வரி ஏறும். தாய் தகப்பன், உடன்பிறந்தவர் எல்லாரும் மறைந்த பின்னும் அந்த வரி இருக்கும்.

இருக்க வேண்டும் என்று சொல்வதே சரி. ஏனெனில் சென்ற இருபது, முப்பது ஆண்டு ஏடுகளைப் புரட்டினால் பல ஓரங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அவர்களுக்குத் திருமணம் ஆகவில்லையா? ஆயிற்று, நாம்தான் வீடியோவில் பார்த்தோமே! அங்குள்ள குருவிடம் 'விழுப்புரம், இந்தியா' என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். எந்தக் கோயில், எந்த ஊர், எந்த மறைமாவட்டம் என்று சொல்லாவிட்டால் கடிதம் எங்கே வந்து சேரும்? கோயிலின் பாதுகாவலர் பெயர், கிராமம், தாலுகா, புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம் என்று முழுமையாக எழுதிக் கொடுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் காரியம் வேறு. ஞானஸ்நானம் எங்கே கொடுக்கப்பட்டதோ அந்தக் கோயில் ஏட்டில்தான் அது பதிவாகும். இங்கே என்னிடம் வந்து, 'சாமி, பையன் குவைத்தில் நனைந்தவன், சான்று கொடுங்கள்' என்றால் நான் எதைப் பார்த்துக் கொடுப்பேன்? வேலை முடிந்து புறப்படும் முன்பே அங்கே சான்று வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நகலை இங்கே உங்கள் பெற்றோரிடம் கொடுத்து வையுங்கள். அதன் பின்புறத்தில் பாட்டன் பாட்டி பெயர்களையும் ஊரையும் தமிழிலேயே எழுதுங்கள்.

உள்ளூரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேடி வருகிறவர்களிடம் நம் தெருவில் விழும் முதல் கேள்வி, 'நீங்கள் எந்தத் தெரு?' என்பது. அந்தக் கேள்வியின் பொருள் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். டர்பன் பட்டியலிலும் சாதிக்கென்று ஒரு கட்டம் இருந்தது என்றேனே. அந்தக் கட்டத்திலிருந்து தப்பவே கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப் பிள்ளைகளை மீண்டும் அதற்குள் நிறுத்தாதீர்கள். உட்கார வைத்து ஒரு தம்ளர் மோர் கொடுங்கள், பிறகு அறைவீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

நாளை முதல் ஞாயிறு வரை, காலைப் பூசை முடிந்ததும் ஏடுகள் அலுவலகத்தில் திறந்திருக்கும். இங்கே ஞானஸ்நானம் பெற்று வெளியூரிலோ வெளிநாட்டிலோ திருமணம் ஆனவர்கள், திருமணச் சான்றின் நகலோடு வாருங்கள். உபதேசியார் பக்கத்தை எடுத்து வைப்பார், நான் எழுதிக் கையெழுத்திடுகிறேன்.