மறதி நோய் ஆராய்ச்சியும் நம் இளைஞரும்

(பட்டுக்கோட்டையில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தின் கல்வி நிதியைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். அந்நிதி வழக்கமாகச் செல்லும் வழிகள் இரண்டு: பொறியியல் ஒன்று, மருத்துவம் மற்றொன்று. அவை வேண்டாவென்று யாம் சொல்ல வரவில்லை. மூன்றாவதாக ஒரு வழியைத் திறக்க வேண்டுமென்பதே எம் விண்ணப்பம். முதுமையில் நேரும் மறதி நோயை ஆராய்வதற்கு நம் இளைஞரைப் பழக்குதலே அது.

மறதி நோயென்று யாம் குறிப்பது, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடும் மறதியையன்று. நாற்பதாண்டு நடந்த வரப்பிலே வழி தெரியாது நிற்பதும், பெற்ற மகளையே 'யாரம்மா நீ?' என்று வினவுவதும், உண்டு கைகழுவியபின் சோறிடவில்லையென்று அயலாரிடம் முறையிடுவதுமாகிய நோய் அது. மருத்துவர் இதனை டிமென்ஷியா என்பர். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். நம் ஊர்களில் இதற்கு வழங்கும் பெயரோ 'வயசான கோளாறு'. அப்பெயரே நோயை மறைக்கும் திரையாயிற்று.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர் தொகை ஏறத்தாழ 88 இலட்சமென்றும் 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. நகரத்தினும் நாட்டுப்புறத்திலும், ஆடவரினும் பெண்டிரிடத்தும் அது மிகுந்து காணப்பட்டது.

இத்தகைய கணக்கு எவ்வளவு எளிதில் தவறிப்போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1998-இல் கொச்சியில் கூடிய அறிஞர் சிலர் '10/66' என்ற பெயரால் ஓர் ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்கினர். இந்நோயுடையாரில் நூற்றுக்கு 66 பேர் வளங்குறைந்த நாடுகளில் வாழ, மக்களிடையே நடக்கும் ஆராய்ச்சியில் நூற்றுக்கு 10 பங்குகூட அந்நாடுகளுக்கு உரியதாயில்லை என்பதே அப்பெயரின் பொருள். பெயரிலேயே ஒரு வழக்கைத் தொடுத்துவிட்டார்கள்! அக்குழுவினர் பல தேயங்களிலும், நம் மாகாணத்தில் சென்னையிலும் வேலூரைச் சார்ந்த சிற்றூர்களிலும் முதியோரை ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். அமெரிக்க மனநோய் மருத்துவர் வகுத்த இலக்கணப்படி பார்த்தபோது, வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் நூற்றுக்கு 0.3 பேரே நோயாளர். அதாவது ஆயிரவரில் மூவர். குழுவினர் தாம் வகுத்த அளவுகோலால் அளந்தபோதோ அது பன்மடங்காயிற்று. ஊரும் அதுவே, முதியோரும் அவரே.

இவ்வேறுபாட்டின் காரணம் நம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. முன் சொன்ன இலக்கணப்படி, முதியவர் தம் அன்றாடக் காரியங்களில் முன்னிலும் தாழ்ந்துவிட்டாரென்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வெந்நீர் வைத்து, வேட்டி எடுத்துக் கொடுத்து, இலை போட்டுப் பரிமாறுபவள் மருமகள். வங்கிக்குச் செல்பவன் மகன். பெரியவர் எதை மறந்தாலும் காரியம் நின்றுபோவதில்லை. ஆதலின் 'குறை ஒன்றுமில்லை' என்று விடை வருகிறது. அவ்விடை பொய்யுமன்று. நம் குடும்ப நடை அறிந்தவனுக்கே அடுத்த வினா தோன்றும்: 'முறைத் தண்ணீர் நம் வயலுக்கு வரும் நாளை இப்போதும் அவரே சொல்கிறாரா? கண்டுமுதல் ஆன மூட்டைக் கணக்கு அவர் வாயிலிருந்து வருகிறதா?'

மேல்நாட்டுச் சோதனையொன்றில் ஒரு சொல்லின் எழுத்துக்களைக் கடைசியிலிருந்து திருப்பிக் கூறச் சொல்வர். பள்ளி காணாத பாட்டிக்கு அது நோய்ச் சோதனையன்று, எழுத்துச் சோதனை. அரியானாவிலுள்ள பல்லப்கரில் 1990-களில் ஆராய்ந்தோர் இதனை உணர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதாருக்கும் பொருந்துமாறு இந்தியில் வினாக்களை மாற்றி அமைத்தனர். நம் பாட்டியை ஆங்கிலத் தேதி கேட்டால் விழிப்பாள். பதினெட்டாம் பெருக்குக் கழிந்து எத்தனை நாளாயிற்று என்றால் விரல்விட்டுச் சொல்வாள். அதையும் சொல்லாவிடில் அப்போது கவலை கொள்ளலாம். இவ்வகை வினாக்களை இயற்றத் தமிழ் கற்ற பட்டதாரி வேண்டும். அவை சரியாய் அளக்கின்றனவா என்று சோதிக்கப் புள்ளியியல் பயின்றவர் வேண்டும். திண்ணையிலமர்ந்து பொறுமையாய்க் கேட்கச் செவிலியர் வேண்டும். மருத்துவர் ஒருவரே ஆராய்ச்சிக்கு உரியவரென எண்ணுதல் தகாது.

ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி அம்மையாரும் உடன் ஆராய்ந்தோரும் 648 நோயாளரின் வரலாற்றை ஆராய்ந்து 2013-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒரு மொழியே பேசுவோரைக் காட்டிலும் இரு மொழி பேசுவோருக்கு நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டு பிந்தியே தோன்றியது. எழுத்தறியாதாரிடத்தும் அவ்வேறுபாடு காணப்பட்டது. தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊரில் இருப்பவருக்கு எளிதில் எழும் கேள்வி இது. காவிரிக் கடைமடையில் எழ வேண்டிய கேள்விகளை யார் கேட்பார்?

நிற்க. குறிப்பெழுதும் பழக்கம் நம் பகுதிக்குப் புதிதன்று. மனோராவை எழுப்பிய சரபோஜி மன்னர், கண் நோயாளரின் கண்களைப் படமாகத் தீட்டுவித்து, நோய் வரலாற்றையும் எழுதி வைப்பித்தார். அவ்வேடுகள் தஞ்சைச் சரசுவதி மகாலில் இருக்கின்றன. செர்மனியில் அல்சைமர் என்னும் மருத்துவர் 1901-இல் ஒரு பெண்ணிடம் கேட்டவற்றையும் அவள் சொன்னவற்றையும் எழுதி வைத்த குறிப்பு 1995-இல் பிராங்பர்ட்டு நகரில் மீண்டும் கிடைத்தது. அவள் 1906-இல் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தே அவர் இந்நோயின் அடையாளங்களைக் கண்டார். பெங்களூர் நிம்ஹான்சில் 1995 முதல் இவ்வாறு மூளைகளைக் காத்து ஆராயும் நிலையம் உண்டு. மூளையைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டுமாதலின், இங்கிருந்து அதற்கு உதவுதல் அரிது. தஞ்சாவூரிலேயே பயின்றவர் இருப்பின் அரிதாகாது.

கூசத்தக்க ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் இந்நோயாளர் உண்டென்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமென்று நம்மவர் மறைக்கின்றனர். விருந்தினர் வரும் நாளில் கொல்லை அறையில் இட்டுப் பூட்டுவாரும் உளர். தலைமுறைதோறும் தப்பாமல் இறங்கும் வகை இந்நோயில் மிக அரிது. சம்பந்தம் பேசுவோர் இதனை அறிய வேண்டும். கதவைத் திறவாத வீட்டில் எந்த ஆராய்ச்சியாளனும் என்ன செய்ய இயலும்?

இனி எம் விண்ணப்பத்தின் விவரம். ஆண்டுக்கு ஒருவர், ஆணாயினும் பெண்ணாயினும், உளவியல், புள்ளியியல், செவிலியம், தமிழ் ஆகியவற்றுள் எதனைக் கற்றவராயினும், இப்பயிற்சிக்கு நிதியுதவி பெறட்டும். நிம்ஹான்சும், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டாரத்தில் நாட்டுப்புற மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராயும் பெங்களூர் மூளை ஆராய்ச்சி நிலையமும் பயிலத் தக்க இடங்கள். பயின்றவர் திரும்பிவந்து ஈராண்டு நம் வட்டத்து ஊர்களில் பணிபுரிதல் வேண்டும். அவர் எழுதும் குறிப்பில் எந்தக் குடும்பத்தின் பெயரும் வெளிப்படலாகாது.

தீர்மானத்தை எழுதிக் காரியதரிசியவர்களிடம் கொடுத்திருக்கிறோம். ஆட்சேபமுள்ளோர் இப்போதே எழுந்து சொல்லலாம். தாய்மார்கள் முதலில் பேசுதல் நலம். இந்நோயாளருக்கு இரவு பகலாய்ச் சோறூட்டுவோர் அவர்களே.