நம் பேச்சில் நம் நாடகம்

வேலை முடித்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் புளியந்தோப்புப் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே!

நாடகாசிரியர் ந. முத்துசாமியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். 1936இல் தஞ்சை மண்ணின் புஞ்சை கிராமத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்த பிறகும் ஊர்ப் பேச்சையும் ஊர் நினைவையும் தன் கதைகளில், நாடகங்களில் விடாமல் காப்பாற்றினார். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்தார். படித்தவர்கள் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிய கூத்துதான் தமிழரின் நாடகம் என்று அடித்துச் சொன்னார். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, 2018இல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார்.

மக்கள் பேச்சை மேடையேற்றுவது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல; அயர்லாந்தைப் பாருங்கள். ஆங்கிலேய ஆட்சியில் சொந்த மொழி தேய்ந்துபோன நாடு. ஜான் மில்லிங்டன் சிங் என்ற நாடகாசிரியர் ஆரன் தீவுகளில் மீனவர் நடுவே தங்கி அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். மேற்குக்கரை ஏழை மக்களின் பேச்சை 1907இல் டப்ளின் அபே அரங்கில் ஏற்றினார். அரங்கமே அமளிதுமளி! நம் ஜனங்களை இழிவுபடுத்திவிட்டான் என்று கொதித்தார்கள். பேச்சை யார் எடுத்து ஆளுகிறார்கள் என்பது ஒரு ஜனத்தின் மானப் பிரச்சினை.

நம் வடசென்னைப் பேச்சை யார் ஆளுகிறார்கள்? சினிமா அதை ரவுடிக்கும் காமெடிக்கும் கொடுத்துவிட்டது. அதே பேச்சில்தான் நம் தாய் நம்மைக் கொஞ்சினாள். சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடி, போனவரின் வாழ்க்கையைச் சொல்வதும் அதே பேச்சில்தான். கானா பாடிய இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பாட்டு ஜெயித்துவிட்டது. நாடகம் எங்கே?

கதைக்கா பஞ்சம்? 1921இல் இங்கே பி அண்ட் சி துணி மில்லில் வேலைநிறுத்தம். சாதி குறுக்கே வந்து தொழிலாளியைத் தொழிலாளிக்கே பகையாக்கியது. இதே புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. சரித்திரக்காரர்கள் எழுதிவிட்டார்கள். எரிந்த குடிசையின் பேரப்பிள்ளைகள் இன்னும் எழுதவில்லை.

இளைஞர்களே! மில்லில் உழைத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். கேளுங்கள். அவர்கள் சொன்னது சொன்னபடி எழுதுங்கள்; புத்தகத் தமிழாக்கித் திருத்தாதீர்கள். நம்மைப் பிளந்த சாதியையும் மறைக்காமல் எழுதுங்கள். வரும் ஆடித் திருவிழாவில் இதே தெருவில் அதை நடிப்போம். நம் கதையை எழுத வெளியிலிருந்து ஒருவர் வரட்டும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம்!