நாரி எலும்பு நழுவலும் நாம் சொல்லத் தயங்கும் அறிகுறிகளும்
(மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் கற்றது சட்டம், செய்வது மொழிபெயர்ப்பு. ஆகவே வைத்தியம் சொல்ல வரவில்லை. வைத்தியருக்கும் நமக்கும் இடையே ஒரு சொல் பிழைத்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லவே வந்தேன்.

நாரி நோவு என்றாலே ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்கிறோம். டிஸ்க் என்பது இரு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற தட்டு. இன்று நான் பேசுவது, முள்ளெலும்பே தனக்குக் கீழுள்ள எலும்பின்மேல் முன்னோக்கி நழுவும் நிலையைப் பற்றியது. இதனை ஸ்பொண்டிலோலிஸ்தீசிஸ் என்பர். நாரியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. ஐம்பது வயதைக் கடந்தோரிடம், சிறப்பாகப் பெண்களிடம், தேய்மானத்தினால் நான்காவது எலும்பு ஐந்தாவதன்மேல் நழுவுவதே மிகுதி. நழுவிய அளவு 25 வீதத்துக்கு உட்பட்டிருந்தால் அது முதலாம் தரம். இத்தகையோரில் பெரும்பாலோருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. இயன்மருத்துவரின் பயிற்சிகளே போதும்.

நழுவல் நரம்புப் பாதையை நெருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனக்கும், உளையும். அமர்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ ஆறும். கடையில் தள்ளுவண்டியின்மேல் சாய்ந்து நடந்தால் சுகமாயிருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதனை ‘வயதுக் கோளாறு’ என்று ஒதுக்காமல் குடும்ப வைத்தியரிடம் அவ்வாறே சொல்லுங்கள்.

அரிதானது, ஆனால் அஞ்சவேண்டியது, மற்றொன்று. முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் நரம்புகள் குதிரைவால்போலக் கற்றையாய் இறங்குகின்றன. அக்கற்றை நசிந்தால் சிறுநீர் கழிக்க இயலாமலோ, அடக்க இயலாமலோ போகும். மலக் கட்டுப்பாடு குன்றும். இரு கால்களிலும் வலியோ பலவீனமோ தோன்றும். மலவாய், பிறப்புறுப்பு, உட்தொடை ஆகிய இடங்களில் உணர்ச்சி அற்றுப்போகும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வைத்தியசாலையில் ஓர் அம்மாவுக்காக மொழிபெயர்த்தேன். “இருக்கிற இடம் விறைச்சுப்போச்சு” என்றார். நானோ ‘இறுகிப்போயிற்று’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். வைத்தியர் தலையசைத்து அடுத்த கேள்விக்குச் சென்றார். என் மனம் ஒப்பவில்லை. “அம்மா, தொட்டால் தெரிகிறதா?” என்று கேட்டேன். “கழுவும்போதுகூடத் தெரியவில்லை, பிள்ளை” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் என் பிழையைத் திருத்திச் சொன்னதும் வைத்தியர் பேனாவை வைத்துவிட்டார். அன்றிரவே எம்.ஆர்.ஐ. படம் எடுத்துச் சத்திரசிகிச்சை செய்தனர். சிறுநீர்க் கட்டுப்பாடு மீண்டது. ஒரு பாதத்தில் பலவீனம் எஞ்சியது. இரண்டு நாளாய் அவர் அதனைச் சொல்லாதிருந்தார். கூட வந்தவர் மகன். மகனிடம் எப்படிச் சொல்வது?

நம்மிடையே ‘விறைப்பு’ என்பது இறுக்கத்தையும் குறிக்கும், உணர்வின்மையையும் குறிக்கும். ஆகவே ‘தொட்டால் தெரியவில்லை’ என்றே சொல்லுங்கள். நீதிமன்றத்தில் பிழைத்த சொல்லைத் திருத்த மனுச் செய்யலாம். நசிந்த நரம்பு தவணை தராது. மேற்சொன்ன அறிகுறிகள் புதிதாய்த் தோன்றினால் குடும்ப வைத்தியரின் சந்திப்புக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்; செல்ல இயலாவிடின் 999ஐ அழையுங்கள். எண்ணெய் தடவி முறுக்கி நெட்டி எடுக்கும் வேலை அப்போது அறவே வேண்டாம்.

சத்திரசிகிச்சை வேண்டும் என்றால், கையொப்பமிடுமுன் அதன் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் கேளுங்கள். 2015இல் மொன்ட்கொமரி வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அவற்றை எடுத்துரைப்பது வைத்தியரின் கடமை எனத் தீர்ப்பளித்தது.

தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளை அந்த வேலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். சந்திப்பைப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்; பெண் மொழிபெயர்ப்பாளரே வேண்டும் என்றாலும் தயங்காமல் கேளுங்கள்.